மாதிரியும் முன்பணமும்: 17ஆம் நூற்றாண்டுச் சோழமண்டலக் கடற்கரையில் அயல்நாட்டு வடிவமைப்புத் துணி உற்பத்தியும் காசி வீரண்ணாவும்

ஆய்வுச் சுருக்கம்

வாங்குவோர் ஒரு நாட்டில் வடிவத்தைத் தீர்மானித்து, அதனைக் கடல் கடந்த வேறொரு நாட்டில் உற்பத்தி செய்வித்துப் பெறும் வணிகமுறை இன்றைய உலகமயமாக்கலின் விளைவாகவே பெரிதும் கருதப்படுகின்றது. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரையில் நடைபெற்ற துணி வணிகம் இம்முறையின் முழுமையான முன்வடிவமாக விளங்கியதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. சென்னையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமை வணிகராகத் திகழ்ந்து 1680இல் மறைந்த காசி வீரண்ணாவை மையமாகக் கொண்டு, மாதிரி, முன்பணம், தரப்பிரிப்பு ஆகிய மூன்று நடைமுறைகளும் இங்கு ஆராயப்படுகின்றன. வீரண்ணா போன்றோரைத் ‘தரகர்’ என்ற சொல்லுக்குள் அடக்குவதும், சீட்டித் துணி எழுதிய கைவினைஞரைப் ‘படியெடுப்போர்’ எனக் குறிப்பதும் வரலாற்று நிலையில் பொருந்தாதவை என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: சோழமண்டலக் கடற்கரை, காசி வீரண்ணா, தலைமை வணிகர், சீட்டித் துணி, மாதிரி, முன்பணம், சாயவேர், கிழக்கிந்தியக் கும்பினி.

1. முன்னுரை

தென்னிந்தியத் துணி வணிகம் பற்றிய ஆய்வுகள் நீண்ட மரபுடையவை. சி. அரசரத்தினம், ஜோசப் பிரென்னிக், சஞ்சய் சுப்ரமணியம், விஜயா ராமசாமி, பிரசன்னன் பார்த்தசாரதி முதலியோரின் ஆய்வுகள் வணிகர், நெசவாளர், ஐரோப்பியக் கும்பினிகள் ஆகியோருக்கிடையே நிலவிய உறவை விரிவாக விளக்கியுள்ளன. ஜான் இர்வின், கேத்தரின் பிரெட் ஆகியோர் 1970இல் வெளியிட்ட சீட்டித் துணி பற்றிய நூல் துணிகளின் வடிவ வரலாற்றைத் தனித்துறையாக நிலைநிறுத்தியது. ஆயினும் இவ்விரு மரபுகளும் பெரும்பாலும் தனித்தனியே இயங்கி வந்துள்ளன. பொருளியல் வரலாறு துணியை உருப்படிக் கணக்காகவும் வராகன் கணக்காகவும் பார்த்தது. கலை வரலாறு அருங்காட்சியகத்தில் எஞ்சிய துணியின் பூவையும் கொடியையும் பார்த்தது. லண்டனில் எழுதப்பட்ட ஒரு விருப்பம் சென்னைக்கு உள்நாட்டில் இருந்த ஒரு தறியில் துணியாக மாறும் வரை இடையில் நிகழ்ந்தது யாது என்ற வினா இவ்விரு துறைகளுக்கும் இடையில் நின்றுவிடுகின்றது. அவ்விடைவெளியில் நின்று தொழில் நடத்தியவரே தலைமை வணிகர். அவருடைய தொழிலை அதன் செயல்முறை வழியே புரிந்துகொள்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘வடிவமைப்பு’ என்ற சொல் இங்குப் பூவேலையை மட்டும் சுட்டவில்லை. நீளம், அகலம், பாவிழைகளின் எண்ணிக்கை, வெளுப்பின் அளவு, மடிப்பு, கட்டு ஆகிய அனைத்தையும் அது உள்ளடக்கும். சென்னையிலிருந்து ஏற்றுமதியானவற்றுள் பெரும்பங்கு எழுதப்படாத வெள்ளைத் துணிகளே ஆதலின் இவ்விரிந்த பொருள் இன்றியமையாததாகின்றது. ‘லாங்கிளாத்’ எனப்பட்ட நீளத்துணி, சேலம்பூர், மூரி, பெத்தில்லா போன்ற வகைகள் ஒவ்வொன்றும் அளவாலும் நெருக்கத்தாலும் வரையறுக்கப்பட்டவை. பாவிழைகளைக் கணக்கிடப் ‘புஞ்சம்’ என்னும் அலகு வழங்கியது. புஞ்சம் கூடுந்தோறும் துணியின் நெருக்கமும் விலையும் கூடின. ஆகவே ஒரு வெள்ளைத் துணிக்கான ஒப்பந்தமும் வடிவமைப்பு ஆவணமே எனலாம்.

2. மாதிரி: பயணம் செய்த ஆவணம்

ஐரோப்பியர் வருகைக்கு முன்பே சோழமண்டலத் துணி, வாங்குவோர் விருப்பத்திற்கேற்ப உருவாக்கப்பட்டது. ஜாவா, சுமத்திரா, மலுக்குத் தீவுகள் ஆகிய ஒவ்வொரு சந்தைக்கும் தனித்த கரை, தனித்த நிறம், தனித்த அளவு இருந்தன. தமக்குப் பழக்கமான துணி கிடைக்காதவிடத்து அத்தீவு மக்கள் நறுமணப் பொருள்களை விற்க முன்வரவில்லை. இதனைப் பட்டறிவால் உணர்ந்த டச்சுக்காரர் பழவேற்காட்டில் நிலைகொண்டு, 1613இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர். அவர்களுக்குத் துணி வழங்கியவருள் முதன்மையானவர் டச்சு ஆவணங்களில் ‘மலையா’ எனப்படும் அச்சுதப்ப செட்டி. அவர் 1634இல் மறைந்தபின் தம்பி சின்னண்ணா 1659 வரை அவ்விடத்தை வகித்தார். தலைமை வணிகர் என்னும் நிறுவனம் இக்குடும்பத்தின் காலத்திலேயே தெளிவான வடிவம் பெற்றுவிட்டது.

சயாம் அரசவையின் நடைமுறை இவ்விடத்தில் தனிக் கவனத்திற்குரியது. அயுத்தியாவில் வரையப்பட்ட வடிவங்கள் சோழமண்டலத்திற்கு அனுப்பப்பட்டு, அவற்றின்படி எழுதப்பட்ட துணிகள் அரசவையின் பயன்பாட்டிற்குச் சென்றன. அத்துணிக்குத் தாய் மொழியில் ‘பா லாய் யாங்’ என்று பெயர். மாதிரியின்படி அமைந்த துணி என்பது அதன் பொருள். அவ்வடிவங்களைக் கண்டு பழகிய இந்தியக் கைவினைஞர் தம் கைவண்ணத்தையும் கலந்து பொதுச் சந்தைக்கென எழுதியவை ‘பா லாய் நோக் யாங்’ எனப்பட்டன. மாதிரிக்குப் புறம்பான துணி என்பது அதன் பொருள். வாங்குவோரின் மொழியே இவ்விரண்டையும் வேறுபடுத்தியமை நோக்கத்தக்கது. மாதிரியைப் பின்பற்றவும், அதிலிருந்து விலகி வேறொரு சந்தைக்குப் பொருள் ஆக்கவும் வல்லவர்களாகக் கடற்கரைக் கைவினைஞர் அறியப்பட்டிருந்தனர் என்பதற்கு இப்பெயர்களே சான்றாகும்.

ஆங்கிலேயக் கும்பினி இப்பாடத்தைச் சற்றுத் தாமதமாகவே கற்றது. 1643இல் கும்பினி இயக்குநர்கள் சூரத்திற்கு எழுதிய கடிதமொன்றில், மங்கிய செந்நிறப் பின்னணி கொண்ட மெத்தை விரிப்புகள் இங்கிலாந்தில் விரும்பப்படவில்லை எனத் தெரிவித்து, வெண்ணிறப் பின்னணியில் நடுவே வண்ணப் பூங்கொடிகள் அமையுமாறு கேட்டனர். கொடிகளை எவ்வாறு அமைப்பது என்பதை ஓவியரின் விருப்பத்திற்கே அக்கடிதம் விட்டுவிட்டது. 1660களில் லண்டனிலிருந்து வடிவங்களையே அனுப்பும் வழக்கம் தொடங்கியது. 1680களின் தொடக்கத்தில் சோழமண்டலக் கடற்கரைக்கு வந்த வேண்டுகோள்களில் தைத்து முடிக்கப்பட்ட கட்டில் திரைகள், அவற்றோடு ஒரே வேலைப்பாடு கொண்ட நாற்காலி மெத்தைகள் ஆகியவை அளவுகளுடன் குறிக்கப்பட்டன. விலைநிலைகளும் வகுத்துரைக்கப்பட்டன. நாற்பதாண்டுகளுக்குள் ஒரு வண்ண விருப்பமாகத் தொடங்கியது முழுமையான பொருள் வரையறையாக வளர்ந்துவிட்டது.

இவ்வடிவங்கள் ‘கீழை நாட்டு’ வடிவங்களாக லண்டனில் விற்பனையாயின என்பது இதன் முரண். பாரசீகம், சீனம், இங்கிலாந்துத் தையற்பூவேலை ஆகிய பல மூலங்களின் கலப்பே ‘உயிர்மரம்’ எனப்படும் புகழ்பெற்ற சீட்டி வடிவம் என இர்வின் நிறுவினார். கிழக்கைப் பற்றி மேற்கு கொண்டிருந்த கற்பனை, கிழக்கிற்கே அனுப்பப்பட்டு, கிழக்கின் கையால் எழுதப்பட்டு, கிழக்கின் பொருளாக மேற்கிற்குத் திரும்பியது. எனவே வடிவத்தின் உரிமையாளர் இன்னார் என ஒருவரைச் சுட்டுதல் அரிது.

3. வடிவம் துணியாகும் முறை

மாதிரியைப் பெற்ற ஓவியர் அதனை அப்படியே படியெடுத்தார் என்ற கருத்து, சீட்டித் துணியின் தொழில்நுட்பத்தை நோக்கும்போது வலுவிழக்கின்றது. ஐரோப்பிய ஓவியர் தாளில் நிறத்தை நேரடியாகத் தீட்டினார். சோழமண்டலக் கைவினைஞரோ துணியில் நிறத்தைத் தீட்டவில்லை. நிறத்தைப் பற்றவைக்கும் பொருளையே தீட்டினார். அரைகுறையாக வெளுத்த துணி கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்க்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, கட்டையால் அடித்து வழவழப்பாக்கப்பட்டது. தாளில் வரைந்த வடிவத்தின் கோடுகள் நெடுகிலும் ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டி, வடிவம் துணிக்கு மாற்றப்பட்டது. கருங்கோடுகளுக்கு இரும்புக் கரைசலும், செந்நிறப் பகுதிகளுக்குப் படிகாரக் கரைசலும் எழுதப்பட்டன. பின்னர்ச் சாயவேரில் துணியைக் கொதிக்கவைத்தபோதே படிகாரம் தொட்ட இடம் சிவந்தது. நீலத்திற்கு, நிறம் படக்கூடாத பகுதிகள் அனைத்தும் மெழுகால் மூடப்பட்டுத் துணி அவுரித் தொட்டியில் அமிழ்த்தப்பட்டது. பச்சை நிறம் நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்டிப் பெறப்பட்டது.

எழுதும் வேளையில் கண்ணுக்குத் தெரியும் நிறம் வேறு. முடிவில் கிடைக்கும் நிறம் வேறு. லண்டன் மாதிரியில் உள்ள ஓர் இளஞ்சிவப்பைப் பெறப் படிகாரத்தை எவ்வளவு நீர்க்கச் செய்வது, எத்தனை முறை சாயவேரில் இடுவது என்பன மாதிரியில் இல்லை. மாதிரி முடிவை மட்டும் காட்டியது. வழியைக் கைவினைஞரே வகுத்தார். மேலும், தாளில் வண்ணம் தீட்டியவர் தயங்காது இட்ட ஒரு நிறச்சேர்க்கை, துணியில் மூன்று தனித்தனி நிலைகளைக் கோரலாம். அதனைச் செய்வதா, எளிதாக்குவதா, கைவிடுவதா என்பது விலையோடும் கப்பல் புறப்படும் நாளோடும் பிணைந்த முடிவாகும். இத்தகைய ஒவ்வொரு முடிவும் வடிவமைப்பின் ஒரு பகுதியே.

சாயவேரின் தரமும் இடத்திற்கிடம் வேறுபட்டது. கிருஷ்ணை ஆற்றுக் கழிமுகத்தை ஒட்டிய பெத்தப்பள்ளிப் பகுதியின் வேர் சிறந்ததெனப் பெயர் பெற்றிருந்தது. யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய இடங்களிலும் வேர் தோண்டப்பட்டது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உலர்த்தலும் வெளுத்தலும் தடைப்பட்டன. ஆகவே இத்தொழிலின் காலஅட்டவணையை மழையும் நீரும் வேரும் சேர்ந்தே தீர்மானித்தன. டச்சு அலுவலர் டேனியல் ஹவார்ட் 1693இல் வெளியிட்ட நூலில் சீட்டி எழுதும் வேலை மிக மெதுவாக நகர்வதைக் குறிப்பிட்டுள்ளார். அம்மெதுவின் காரணம் சோம்பலன்று. வேதிவினைகளின் வரிசையே அதன் காரணமாகும்.

4. காசி வீரண்ணா: தொழில்முனைவரின் பணிகள்

1639இல் கிடைத்த கொடையை அடிப்படையாகக் கொண்டு 1640இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை எழத் தொடங்கியபோது, அவ்விடத்திற்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் தொலைவில் நின்றன. துணிக்கட்டுகள் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து ஏற்றப்பட்டன. ஆங்கிலேயர் அவ்விடத்தைத் தேர்ந்தமைக்கு, அப்பகுதியில் துணி மலிவாகவும் தரமாகவும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே முதன்மைக் காரணம். ஆனால் துணி கோட்டையருகே விளையவில்லை. உள்நாட்டு ஊர்களில் கைக்கோளர், தேவாங்கர், சாலியர், சேடர் ஆகியோரின் தறிகளில் அது உருவானது. கோட்டைக்கும் தறிக்கும் இடையே மொழி, கடன், அரசியல் அதிகாரம், சமூக உறவு ஆகிய பல எல்லைகள் இருந்தன.

1660களின் தொடக்கத்திலிருந்து பேரி திம்மண்ணாவும் காசி வீரண்ணாவும் கூட்டாகக் கும்பினியின் துணிக் கொள்முதலை நடத்தினர். பின்னர் வீரண்ணாவே முதன்மை பெற்றார். ஆங்கிலேய ஆவணங்கள் அவரை ‘வெரோனா’ எனத் திரித்து வழங்குகின்றன. அவர் ஆற்றிய பணிகளை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, ஒப்பந்தம். கும்பினி தன் ஆண்டுத் தேவையை வகை, எண்ணிக்கை, அளவு, விலை, ஒப்படைக்கும் காலம் என வரையறுத்து அவரோடு உடன்பட்டது. ஒவ்வொரு வகைக்கும் ஏற்கப்பட்ட ஒரு துணி மாதிரியாகக் கோட்டைக் கிடங்கில் வைக்கப்பட்டது. பின்னர் வந்து சேரும் துணிகள் அதனோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கப்பட்டன. தரம் குறைந்தவற்றிற்கு விலை குறைக்கப்பட்டது. முற்றிலும் பொருந்தாதவை திருப்பித் தரப்பட்டன.

இரண்டாவது, முதலீட்டுப் பகிர்வு. கும்பினியின் முன்பணத்தோடு தம் பணத்தையும் சேர்த்து, சிறு வணிகர்கள், ஊர்த் தரகர்கள், தலைமை நெசவாளர்கள் வழியாகத் தறிகளுக்கு அனுப்பினார். நூல் வாங்கவும், நெய்து முடிக்கும் வரை உண்ணவும் நெசவாளர்க்கு அம்முன்பணமே ஆதாரம். கப்பல் வரத் தாமதமானாலோ, அது கொண்டுவரும் வெள்ளி போதாதிருந்தாலோ, தறி ஓய்ந்துவிடாமல் காப்பது வணிகரின் கடன் பெறும் வலிமையே.

மூன்றாவது, இறக்குமதிப் பொருள்களை ஏற்றல். கும்பினி கொணர்ந்த கம்பளித் துணி, செம்பு, ஈயம் முதலியவற்றையும் தலைமை வணிகரே மொத்தமாக ஏற்று உள்நாட்டில் விற்றார். வெப்பநாட்டில் விலைபோகாத கம்பளியையும் அவர் ஏற்க வேண்டியிருந்தது. துணி ஒப்பந்தத்தில் அவர் ஈட்டிய ஊதியத்தின் ஒரு பகுதி இவ்விழப்பை ஈடுசெய்யவே பயன்பட்டிருக்கும்.

நான்காவது, அரசியல் பாதுகாப்பு. அக்காலத்தில் சென்னையின் பின்நிலம் கோல்கொண்டாச் சுல்தானின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. சுங்கச் சாவடிகளைக் கடந்து துணி வந்து சேர, ஆட்சியாளர்களின் இசைவு தேவை. வீரண்ணா கோல்கொண்டா அலுவலர்களோடு நெருங்கிய உறவு கொண்டிருந்தார். சாந்தோம் கோல்கொண்டாவின் கைக்கு வந்தபின் அதனைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவரும் அவரே. சென்னையில் அவர் பெயரால் வழங்கிய பள்ளிவாசல் ஒன்று இருந்தமை, ஓர் இந்து வணிகர் இசுலாமிய ஆட்சியாளரோடும் வணிகரோடும் பேணிய உறவுக்குச் சான்றாகக் கருதப்படுகின்றது.

இந்நான்கனுள் ஒன்று தளர்ந்தாலும் லண்டன் மாதிரி வெறும் தாளாகவே எஞ்சும். தரகர் என்பவர் வாங்குவோரையும் விற்போரையும் சேர்த்துவைத்துக் கூலி பெறுபவர். வீரண்ணாவோ விலையைத் தம் பொறுப்பில் ஏற்று, பணத்தை முன்னதாக இட்டு, தரக்குறைவின் இழப்பைத் தாங்கி, ஒப்படைக்கும் நாளுக்குக் கட்டுப்பட்டவர். இக்கூறுகள் அனைத்தும் தொழில்முனைவருக்கு உரியவை.

அவருடைய செல்வாக்கு கும்பினியாரைக் கலங்கவும் வைத்தது. ஆளுநர் வில்லியம் லாங்ஹார்ன் வீரண்ணாவிடமிருந்து தனிப்பட்ட முறையில் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவரையடுத்து 1678இல் பொறுப்பேற்ற ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர், ஒரே வணிகரைச் சார்ந்திருக்கும் நிலையை மாற்ற விரும்பினார். ஆயினும் 1680 மார்ச்சில் வீரண்ணா மறைந்தபோது கோட்டையிலிருந்து 30 குண்டுகள் முழங்கி மரியாதை செய்யப்பட்டது. அவருடைய மனைவியருள் ஒருவர் உடன்கட்டை ஏற முனைந்தபோது ஆளுநர் அதற்கு இசைவளிக்கவில்லை. எவருடைய பிடியிலிருந்து விடுபடக் கும்பினி விரும்பியதோ, அவருக்கே அரசு மரியாதை செய்ய நேர்ந்தது அக்கால உறவின் இரட்டைத் தன்மையைக் காட்டுகின்றது.

5. இழப்பு யாரைச் சேர்ந்தது?

இவ்வணிகத்தின் மையச் சிக்கல் காலஇடைவெளி. லண்டன் ஏலத்தில் ஒரு வடிவம் விலைபோகவில்லை என்ற செய்தி கப்பலில் சென்னைக்கு வந்து, புதிய ஒப்பந்தமாகி, துணியாகி, மீண்டும் லண்டன் சேர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கடந்தன. அதற்குள் விருப்பம் மாறிவிடலாம். இந்நிச்சயமின்மையின் சுமை சங்கிலியின் எக்கண்ணியில் இறங்கியது என்பதே ஆராயத்தக்கது.

கும்பினி அதனைத் தரப்பிரிப்பு வழியாக வணிகர்மேல் இறக்க முயன்றது. சந்தை நன்றாக இருந்தபோது ஏற்கப்பட்ட துணி, சந்தை தளர்ந்தபோது மாதிரிக்குப் பொருந்தவில்லை என விலக்கப்படக்கூடும். மாதிரி என்பது அளவுகோல் மட்டுமன்று, பேரம் பேசும் கருவியும் ஆகும். வணிகர் அச்சுமையை நெசவாளர்மேல் இறக்க முயன்றார். ஆனால் அங்கு அவருக்கு ஒரு தடை இருந்தது. பிரசன்னன் பார்த்தசாரதி எடுத்துக்காட்டியுள்ளவாறு, தென்னிந்திய வழக்கத்தில் நெசவாளர் முன்பணத்தைத் திருப்பித் தந்து ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள முடிந்தது. வணிகரோ அதே எளிமையோடு முன்பணத்தை மீட்க இயலவில்லை. தறியையும் எடுத்துக்கொண்டு வேறிடம் பெயர்தல் நெசவாளரின் இறுதிக் கருவியாக இருந்தது. மேலும் பல கும்பினிகளும் உள்நாட்டு வணிகரும் போட்டியிட்டமையால் மறுக்கப்பட்ட துணிக்கும் வேறு வாங்குவோர் கிடைத்தனர். எனவே தலைமை வணிகர் கீழும் மேலும் நெருக்கப்பட்ட நிலையிலேயே தொழில் நடத்தினார்.

சீட்டி ஓவியரின் நிலை இதினும் நுட்பமானது. 1680ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வீரண்ணா மறைந்து சில திங்கள்களுக்குள், சென்னையின் ஓவியர்களும் பிறரும் கோட்டை நிர்வாகத்தோடு பிணங்கிச் சாந்தோமில் கூடினர். சலவைத் தொழிலாளரும் அவர்களோடு சேர்ந்துவிடாதிருக்கக் காவல் இடப்பட்டது. வெளியேறிய ஓவியர்களின் மனைவி மக்கள் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டுக் கோயிலுக்குள் அடைத்துவைக்கப்பட்டதைக் கோட்டைக் குறிப்புகள் பதிவு செய்கின்றன. இந்நிகழ்வைச் சமூகப் பூசலாகவோ நகர நிர்வாகச் சிக்கலாகவோ விளக்குவது வழக்கம். வடிவமைப்பு வரலாற்றின் நோக்கில் அது வேறொன்றையும் உணர்த்துகின்றது. படியெடுப்பவர் எளிதில் மாற்றத்தக்கவரெனின் அவர் வெளியேறுவதை ஒரு நிர்வாகம் இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. குடும்பத்தைப் பிணையாக்கும் அளவுக்குக் கோட்டை சென்றமை, ஓவியரின் கைத்திறனுக்கு மாற்று இல்லை என்பதை அதுவே ஒப்புக்கொண்டதாகும். மதிப்பை ஊதியமாகத் தராமல் அடக்குமுறையாகத் தந்த ஒப்புதல் அது.

6. வீரண்ணாவுக்குப் பின்

வீரண்ணாவின் மறைவுக்குப் பின் திம்மண்ணாவின் உடன்பிறந்தவரான பெத்த வெங்கடாத்திரி தலைமை வணிகரானார். ஆனால் ஒருவரே அனைத்தையும் தாங்கும் முறை மெல்ல மாறியது. டச்சுக்காரர் ஏற்கெனவே கடற்கரையில் நடைமுறைப்படுத்தியிருந்த கூட்டுப்பங்கு முறையைப் பின்பற்றி, பல வணிகரைப் பங்காளராக்கி அவர்களோடு கூட்டாக ஒப்பந்தம் செய்யும் வழக்கம் சென்னையிலும் புதுச்சேரியிலும் பரவியது. பலரது முதல் ஒன்றுசேர்ந்ததோடு, ஒருவரின் இழப்பைப் பிறர் ஈடுசெய்யும் பிணைப்பும் உருவானது. கும்பினிக்கு இது பாதுகாப்பு. வணிகர்க்கு அது பேரம் பேசும் வலிமையின் சிதறல்.

அடுத்த நிலையில் கும்பினி, தொழிலாளரையே கோட்டையருகே கொணர முயன்றது. ஆளுநர் ஜோசப் காலெட் காலத்தில் திருவொற்றியூரை அடுத்து நெசவாளர் குடியிருப்பு ஒன்று அமைந்தது. அவர் பெயரால் அமைந்த காலெட்பேட்டையே இன்றைய காலாடிப்பேட்டை. 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் சிந்தாதிரிப்பேட்டை, நூற்போர், நெய்வோர், எழுதுவோர், வெளுப்போர் முதலியோருக்கெனவே உருவாக்கப்பட்டது. வண்ணாரப்பேட்டையின் பெயர் சலவைத் தொழிலின் நினைவை இன்றும் தாங்கி நிற்கின்றது. சென்னையின் வரைபடமே ஒரு துணி உற்பத்தி வரிசையாக எழுதப்பட்டதெனலாம்.

இதற்கிடையே வாங்கும் நாடுகளில் எதிர்ப்பு வலுத்தது. பிரான்சு 1686இல் எழுது துணிகளைத் தடை செய்தது. இங்கிலாந்தில் 1697இலும் 1719இலும் லண்டன் நெசவாளர் கலகம் செய்தனர். 1700, 1721 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் இந்திய எழுது துணிகளின் உள்நாட்டுப் பயன்பாட்டைப் படிப்படியாக ஒடுக்கின. தடை, விருப்பத்தை அழிக்கவில்லை. அவ்விருப்பத்தை நிறைவு செய்யும் தொழிலை ஐரோப்பாவிலேயே உருவாக்கும் ஊக்கத்தை அது தந்தது. அதற்குத் தேவைப்பட்டது மாதிரியில் இல்லாத அந்த ‘வழி’. 1734ஐ ஒட்டிப் புதுச்சேரியில் பியூலியே என்னும் பிரெஞ்சு அலுவலர், எழுதும் நிலைகள் ஒவ்வொன்றிலும் துணியின் ஒரு துண்டை வெட்டியெடுத்துக் குறிப்புகளோடு சேர்த்து வைத்தார். 1742இல் இயேசு சபைத் துறவி கெர்து, தம்மிடம் சமயம் தழுவிய ஓவியர்களிடமிருந்து கேட்டறிந்த செய்முறையைக் கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். 1760இல் ழூய் நகரில் ஓபர்காம்ப் அச்சுத்துணி ஆலையைத் தொடங்கினார். மாதிரி மேற்கிலிருந்து கிழக்கிற்கு வந்த காலம் முடிந்து, செய்முறை கிழக்கிலிருந்து மேற்கிற்குச் சென்ற காலம் தொடங்கியது. வீரண்ணா போன்றோரின் தொழிலுக்கு அடித்தளமாயிருந்த இடைவெளி இவ்வாறு இருபுறமும் மூடப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கும்பினி ஆட்சியதிகாரம் பெற்றபோது, ஒப்பந்தத்தை விட்டு விலகும் நெசவாளரின் பழைய உரிமையும் ஒடுக்கப்பட்டது.

இவ்வாய்வுக்கான சான்றுகளுள் பெரும்பான்மை கும்பினியின் எழுத்துகளே. அவை வாங்குவோரின் மனக்குறையை விரிவாகவும் உற்பத்தி செய்தோரின் நியாயத்தைச் சுருக்கமாகவும் பதிவு செய்பவை. 1736இல் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு, பிரெஞ்சுக் கும்பினியோடு தொழில் செய்த ஒரு தமிழ் வணிகரின் பார்வையைத் தமிழிலேயே தருவதால் இவ்வகையில் தனிமதிப்புடையது. அரசியல் வரலாற்றுக்கெனப் பெரிதும் பயிலப்பட்ட அந்நாட்குறிப்பை, துணி ஒப்பந்தம், தரப்பிரிப்பு, முன்பணம் ஆகியவற்றின் சொல்வழக்கை மீட்டெடுக்கும் நோக்கில் மீண்டும் பயிலுதல் தமிழாய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

சோழமண்டலத் துணி வணிகத்தில் மாதிரி என்பது முழுமையான கட்டளையாக இருக்கவில்லை. அது முடிவைச் சுட்டி வழியைச் சுட்டாத ஆவணம். அவ்வழியை வகுத்த கைவினைஞர் வடிவமைப்பில் பங்குகொண்டவராகவே கொள்ளத்தக்கவர்.

காசி வீரண்ணா போன்ற தலைமை வணிகர் வெறும் மொழிபெயர்ப்பாளரோ தரகரோ அல்லர். விலை, தரம், காலம், முதல், அரசியல் பாதுகாப்பு ஆகியவற்றின் பொறுப்பைத் தாமே ஏற்றுத் தொலைதூர உற்பத்தியை நடத்திய தொழில்முனைவர்.

இவ்வகைத் தொழில்முனைவரின் வலிமை, வாங்குவோருக்கும் செய்வோருக்கும் இடையிலிருந்த அறிவின் இடைவெளியைச் சார்ந்திருந்தது. அவ்விடைவெளி குறைந்தபோது அவர் முதலில் பலருள் ஒருவரானார். பின்னர்த் தேவையற்றவரானார்.

இன்று திருப்பூரின் பின்னலாடைக் கூடங்கள் அயல்நாட்டு வணிகர் தரும் வடிவத்திற்கேற்ப ஆடை தைத்து அனுப்புகின்றன. வாங்குவோர் ஒப்புக்கொண்ட மாதிரி ஒன்று அங்கும் அளவுகோலாக வைக்கப்படுகின்றது. இரு காலங்களும் ஒன்றல்ல. எனினும், வடிவத்தை அனுப்பியவரின் பெயர் ஆடையில் தைக்கப்பட்டு, அதனைச் செய்து முடித்தவரின் பெயர் எங்கும் இடம்பெறாமையை இயல்பானதாக ஏற்கும் பழக்கம் நெடுங்காலத்தது. அப்பழக்கம் எவ்வாறு உருவானது என்பதைக் கோட்டைக் கிடங்கில் வைக்கப்பட்ட அந்த மாதிரித் துணியிலிருந்து தொடங்கி ஆராய்தல் இன்றியமையாததாகும்.